துள்ளுது எழுத்து! பேனர் முதல் கல்யாணப் பத்திரிகை வரை கலக்கும் 'கையெழுத்து' ஃபான்ட்... எங்கே வைக்கலாம், எங்கே கூடாது?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால், கிளியனூர் தாண்டியதும் கொஞ்ச நேரம் போனை ஓரமாக வைத்துவிட்டு வெளியே பாருங்கள். வானூர் வட்டாரத்துக் கடை போர்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் பேசும். சுவரில் பெயின்ட்டால் எழுதிய கட்சிச் சின்னமும் தலைவர் பெயரும் தடித்த எழுத்தில் அதட்டும். உரக்கடை போர்டு அரசாங்க அறிவிப்பு மாதிரி விறைப்பாக நிற்கும். பக்கத்திலேயே பேக்கரி, ஜூஸ் கடை, பிள்ளைகளின் பிறந்தநாள் பேனர் இருக்கும். அங்கே மட்டும் எழுத்துகள் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் உருண்டு, துள்ளிக்கொண்டு நிற்கும். அப்படியே திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு வழியாக ஆரோவில், குயிலாப்பாளையம் பக்கம் திரும்பினால் இந்தத் துள்ளல் இன்னும் கூடும். கஃபேக்களின் கரும்பலகையில் சாக்பீஸால் கிறுக்கினது போன்ற எழுத்து, சோப்பு டப்பாவில் பேனாவால் எழுதினது போன்ற எழுத்து!

இதைத்தான் டிசைன் செய்பவர்கள் 'ஹேண்ட்ரிட்டன் ஃபான்ட்' என்கிறார்கள். தமிழில் கையெழுத்து எழுத்துரு. யாரோ கையால் எழுதினது போலத் தெரியும், ஆனால் கம்ப்யூட்டரில் டைப் செய்தது. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்புவரை இந்த ரகம் ஆங்கிலத்தில்தான் கொட்டிக் கிடந்தது. தமிழுக்கு விரல்விட்டு எண்ணலாம். இப்போது இலவசமாகவே சில நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. போனில் இன்விடேஷன் செய்யும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகூட 'எது எடுப்பா இருக்கும்?' என்று தேடிப் பார்த்துத் தேர்வு செய்கிறது. சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அழகாக இருக்கிறதே என்று வைத்த எழுத்தை, கடைக்கு வருகிறவர் படிக்க முடியாமல் நின்றால் என்ன ஆகும்?

நாய்க்காகப் பிறந்த ஃபான்ட்!

உலகத்தில் அதிகம் கிண்டலடிக்கப்பட்ட கையெழுத்து ஃபான்ட் எது என்று கேட்டால், டிசைனர்கள் யோசிக்காமல் சொல்லும் பெயர் 'காமிக் சான்ஸ்'. 1994-ல் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்த்த வின்சென்ட் கொனேர் உருவாக்கியது. அப்போது 'மைக்ரோசாஃப்ட் பாப்' என்ற மென்பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கு வழிகாட்ட அதில் ரோவர் என்ற கார்ட்டூன் நாய் வரும். அது பேசுகிற வசனம் பேப்பரில் செய்தி வருவது போல 'டைம்ஸ் நியூ ரோமன்' எழுத்தில் இருந்தது. நாய் இப்படியா பேசும் என்று கொனேருக்கு உறுத்தியது. காமிக்ஸ் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த எழுத்தை வரைந்தார். வேடிக்கை என்னவென்றால், அந்த நாய்க்கு அது போய்ச் சேரவே இல்லை. அதற்குள் மென்பொருள் வேலை முடிந்துவிட்டது. பிறகு விண்டோஸோடு சேர்ந்து உலகமெல்லாம் பரவியது.

பரவின பிறகு அது போகாத இடமில்லை. 2012 ஜூலை 4-ம் தேதி, ஹிக்ஸ் போசான் துகள் பற்றிய மாபெரும் அறிவிப்பை ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் ஃபேபியோலா ஜியானோட்டி வெளியிட்டபோது, திரையில் ஓடிய ஸ்லைடுகள் காமிக் சான்ஸில் இருந்தன. அறிவியலைவிட ஃபான்ட்டைப் பற்றித்தான் சமூக வலைதளங்களில் அன்று அதிகம் பேசினார்கள். ஆனால், திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். படிப்பதில் சிரமம் உள்ள டிஸ்லெக்சியா குழந்தைகளுக்கு ஏற்ற எழுத்துகளில் ஒன்றாக இதே காமிக் சான்ஸைத்தான் பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தன் வழிகாட்டியில் வைத்திருக்கிறது. ஆக, எழுத்தின்மேல் குற்றமில்லை. வைத்த இடத்தில்தான் கோளாறு.

தமிழுக்கு வந்த 'தம்பி'!

தமிழில் துள்ளலான எழுத்து என்றதும் பலர் கண்ணில் படுவது 'பாலு தம்பி'. மும்பையைச் சேர்ந்த 'எக் டைப்' என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு, இந்திய மொழிகளுக்கு ஒரே குடும்பமாகச் செய்த எழுத்து இது. தமிழ் வடிவத்தை வரைந்தவர் ஆதர்ஷ் ராஜன். தடிமனாக, முனைகள் உருண்டு, நன்றாகச் சாப்பிட்ட கரடிக்குட்டி மாதிரி இருக்கும். பெயர் வைத்த விதம்தான் இன்னும் அழகு. ஒவ்வொரு மொழியிலும் அண்ணன் தம்பியை எப்படிக் கூப்பிடுவார்களோ அதையே பெயரோடு ஒட்டிவிட்டார்கள். குஜராத்திக்கு 'பாய்', வங்காளத்துக்கு 'தா', பஞ்சாபிக்கு 'பாஜி', மலையாளத்துக்கு 'சேட்டன்', தெலுங்குக்கு 'தம்முடு', நமக்கு 'தம்பி'. பிறகு வந்த 'பாலு 2' பதிப்பில் மெலிந்தது முதல் கனமானது வரை ஐந்து எடைகள் இருக்கின்றன. அதனால் தலைப்புக்கு மட்டுமில்லாமல் அதன் கீழே வரும் ஓரிரு வரிக்கும் அதையே வைக்க முடிகிறது.

'பாலு தம்பி' குண்டுப் பையன் என்றால், 'கவிவாணர்' அதற்கு நேரெதிர். இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் வரைந்தது. 2016 வாக்கில் கூகுள் ஃபான்ட்ஸ் தளத்துக்கு வந்தது. பேனாவைச் சாய்த்துப் பிடித்து வேகமாகக் கடிதம் எழுதுவார்களே, அந்தச் சாய்வு இதில் அப்படியே இருக்கும். தமிழுக்கு இது சாதாரண விஷயமில்லை. ஆங்கிலத்தில் 'இட்டாலிக்' என்று சாய்ந்த எழுத்துக்குப் பல நூறு வருடப் பாரம்பரியம் உண்டு. தமிழ் அச்சில் அப்படி ஒரு வழக்கமே வலுவாக இல்லை. அதனால்தான் கம்ப்யூட்டரில் தமிழ் வாக்கியத்தை இட்டாலிக் ஆக்கினால், நிமிர்ந்த எழுத்தைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டது போல அசிங்கமாகச் சரிந்து நிற்கும். கவிவாணரில் சாய்வு பிறவியிலேயே இருக்கிறது. மேற்கோள், பழைய கடிதம், கவிதை வரி ஆகியவற்றுக்கு அது பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

இன்னும் இரண்டைச் சொல்லலாம். கெட்டியான பிரஷ்ஷால் எழுதினது போன்ற 'காய்னி'யை வரைந்த மார்செலோ மகல்யாய்ஸ் பிரேசில் நாட்டுக்காரர். மென்மையான வளைவுகள் கொண்ட 'அரிமா மதுரை'க்குப் பின்னால் இருப்பவர்கள் நட்டனியல் காமா, ஜோவானா கொரேயா என்ற போர்ச்சுக்கல் நாட்டு வடிவமைப்பாளர்கள். போர்ச்சுக்கல் என்றதும் ஒரு ஞாபகம் வரவேண்டும். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலுக்குத் தமிழ் எழுத்துகளை வார்த்ததும் போர்ச்சுகீசியப் பாதிரிமார்களின் முயற்சிதான். நாலரை நூற்றாண்டு கழித்தும் அந்த உறவு விட்டபாடில்லை!

மேலே சொன்ன எல்லாமே திறந்த உரிமத்தில் இருப்பவை. கடை போர்டு, பிஸ்கட் பாக்கெட், யூடியூப் தம்ப்நெய்ல் என வியாபாரத்துக்கும் பைசா கொடுக்காமல் பயன்படுத்தலாம். ஃபான்ட் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். இதை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், இன்றைக்கும் பல இடங்களில் 'ஆயிரம் தமிழ் ஃபான்ட்' என்று பென் டிரைவில் கைமாறுகிற தொகுப்பில் பாதி யாரோ காசுக்கு விற்கிற எழுத்துகள். சொந்தமாக மசாலாத்தூள் போட்டு விற்கும் ஒரு சுயஉதவிக்குழு, லேபிளில் அப்படி ஓர் எழுத்தை வைத்துவிட்டு நாளை நோட்டீஸ் வாங்க வேண்டாமே.

52 எங்கே... 120 எங்கே?

'ஆங்கிலத்தில் இத்தனை ரகம் இருக்க, தமிழில் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு?' என்ற கேள்விக்கு விடை கணக்கில் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26. மொத்தம் 52 வரைந்தால் ஏறக்குறைய வேலை முடிந்தது. தமிழில் 247 எழுத்து என்று பள்ளியில் படித்தோம். நல்லவேளை, அத்தனையும் தனித்தனியாக வரைய வேண்டாம். கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு போன்ற துணைக்குறிகளைத் தனியாக வரைந்துவிட்டால் 'கா', 'கெ', 'கே', 'கை', 'கொ' எல்லாம் தாமாகச் சேர்ந்துவிடும்.

ஆனால், உகர வரிசையில் இந்தக் குறுக்குவழி செல்லாது. கு, சு, டு, து, நு, மு... ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு. கு-வின் வால் ஒரு பக்கம் சுற்றும், சு-வின் வால் கீழே இறங்கும், து-வுக்குத் தனிச் சுழி. ஊகார வரிசை இன்னும் மோசம். ஆக இந்த இரண்டு வரிசைக்கே 36 எழுத்து. இகரம், ஈகாரம் மேலே கொக்கி போடுவதுதான் என்றாலும், டி, டீ மாதிரி சில தனி வழியில் போகும். மற்றவற்றிலும் கொக்கி சரியான இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதால் கவனமுள்ள வடிவமைப்பாளர் இந்த 36-ஐயும் தனியாகவே வரைவார். இதோடு உயிர் 12, அகர வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18. கூட்டினால் 120. இதற்குப் பிறகுதான் ஆய்தம், துணைக்குறிகள், ஜ, ஷ, ஸ, ஹ, எண்கள், நிறுத்தக்குறிகள் எல்லாம்!

வரைந்தால் மட்டும் போதாது. யூனிகோடில் 'கு' என்பது ஒரே எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று என இரண்டு குறியீடுகள். இரண்டும் பக்கத்தில் வந்தால் இந்தப் படத்தைக் காட்டு என்று ஃபான்ட்டுக்குள் விதி எழுத வேண்டும். 'கெ' என்றால், பிறகு டைப் செய்த கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் வேலையும் உண்டு.

பேனர் கடைகளில் யூனிகோடு எழுத்து உடைந்து வருகிறது என்று புலம்புவதற்கு அடிப்படையும் இதுதான். பழைய டிசைன் மென்பொருள்களுக்கு இந்த விதிகள் புரியாது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம் என்று கன்னாபின்னாவென்று வரும். அதனால்தான் பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய முறை எழுத்துகளையே இன்னும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள். அவற்றில் டைப் செய்ததை வேறு ஃபான்ட்டுக்கு மாற்றினால், தமிழ் காணாமல் போய் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கொட்டிக் கிடக்கும். புதிய போட்டோஷாப் வைத்திருப்பவர்கள் டைப் செட்டிங்கில் இருக்கும் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்'டைத் தேர்வு செய்தால் யூனிகோடு தமிழ் உடையாது. போனில் என்றால் பிக்சல்லேப் போன்ற செயலிகளில் ஃபான்ட் கோப்பை நாமே சேர்த்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் பெயரை ஸ்டைலாக மாற்றித் தரும் 'ஃபேன்ஸி டெக்ஸ்ட்' ஆப்கள் தமிழுக்கு ஏன் வேலை செய்வதில்லை என்று சிலர் கேட்பதுண்டு. அவை ஃபான்ட்டே இல்லை. கணிதத்துக்காக யூனிகோடில் தனியாக வைத்திருக்கும் சாய்ந்த, வளைந்த ஆங்கில எழுத்துகளை எடுத்துப் போடுகிற தந்திரம். தமிழுக்கு அப்படி ஒரு மாற்றுத் தொகுதி கிடையாது.

புள்ளி போனால் பொருள் போச்சு!

கையெழுத்து ஃபான்ட் வைக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அழகையல்ல, புள்ளியை. துள்ளலான எழுத்துகளில் புள்ளியைக் குட்டி வட்டமாக, இதயமாக, நட்சத்திரமாக ஆக்கிவிடுவார்கள். சின்ன அளவில் அச்சானதும் அது காணாமல் போகும். 'பட்டம்' எப்படியோ தப்பித்துவிடும். 'பல்', 'பல' ஆகிவிட்டால் பல் மருத்துவமனை போர்டு என்ன ஆகும்?

புள்ளிச் சிக்கல் நேற்று வந்ததில்லை. வானூர் வட்டத்திலேயே இருக்கும் திருவக்கரை சந்திரமௌலீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளைப் பார்க்கப் போனவர்களுக்குத் தெரியும். அந்தக் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது, எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் ஏட்டிலும் அதை விட்டுவிட்டார்கள். எ, ஏ வேறுபாட்டைத் தெளிவாக்கிய பெருமை 18-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவரைச் சேரும்.

எழுத்துகள் உருண்டதற்கும் ஓலையைத்தான் காரணம் சொல்கிறார்கள். நேர்கோடு இழுத்தால் நார் வழியே கிழியும், வளைவு கிழிக்காது. செஞ்சி அருகே திருநாதர் குன்றில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமணத் துறவியைப் பற்றியது. தமிழ் பிராமியின் நேர்கோடுகள் வளைந்து வட்டெழுத்தாக மாறும் காலத்து எழுத்து அது. 'கையெழுத்து ஃபான்ட்' என்று இன்று நாம் கொண்டாடும் வளைவு, விழுப்புரம் மாவட்டத்துப் பாறையில் எப்போதோ ஏறிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை.

புள்ளிக்கு அடுத்த வில்லன், கால். 'ர'வும் காலும் இரட்டைப் பிள்ளைகள். 'ர'வுக்குக் கீழே ஒரு சாய்ந்த கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். கிறுக்கலான எழுத்தில் அந்தக் கோடு மங்கினால், அப்போதுதான் படிக்கக் கற்கும் குழந்தைக்கு 'பாரம்' என்ற சொல்லில் எது கால், எது 'ர' என்று எப்படித் தெரியும்? 'ஔ'வும் அப்படித்தான். 'ஒ' பக்கத்தில் 'ள' எழுதினாலும் பார்க்க அதே போலத் தெரியும். ஔவையாரைத் தேடினால் இணையத்தில் கிடைக்காமல் போவதற்கு, யாரோ 'ஒ', 'ள' என்று தனித்தனியாக டைப் செய்திருப்பதும் காரணமாக இருக்கலாம். சிறுவர் புத்தகத் தலைப்பு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். உள்ளே பாடம் இருக்கும் பக்கத்தில் எழுத்து ஒழுங்காக நிற்பது நல்லது.

கண்ணீர் அஞ்சலி ஆடலாமா?

எங்கெல்லாம் இந்த எழுத்து ஜோராக இருக்கும்? பிறந்தநாள், காதுகுத்து, வளைகாப்பு, பள்ளி ஆண்டு விழா, ஐஸ்கிரீம் கடை, தின்பண்ட லேபிள், சமையல் வீடியோவின் தம்ப்நெய்ல், மீம்ஸ். வீட்டில் செய்த பொருள் என்று சொல்ல விரும்பும் யாருக்கும் இது கைகொடுக்கும். அச்சு எழுத்தில் 'வீட்டு முறை மாங்காய் ஊறுகாய்' என்று இருந்தால் ஃபேக்டரி ஞாபகம் வரும். அதையே கையெழுத்தில் பார்த்தால், யாரோ அத்தை ஜாடி மேல் ஒட்டின சீட்டு மாதிரி ஒரு நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கை நிஜமா என்பதை ஊறுகாய்தான் சொல்ல வேண்டும்.

கூடாத இடங்களும் உண்டு. 'கண்ணீர் அஞ்சலி' என்ற வார்த்தை துள்ளிக் குதிக்கிற எழுத்தில் வந்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு எப்படி இருக்கும்? மருந்துச் சீட்டு, வங்கி அறிவிப்பு, பஸ் வழித்தடம், 'ஆழமான பகுதி, குளிக்காதீர்கள்' போன்ற எச்சரிக்கைகள் எதுவும் விளையாட்டு எழுத்துக்கு உரியவை அல்ல. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயர் ஆசைப்படி எப்படியும் இருக்கலாம். தேதி, முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் மூன்றையும் பெரியப்பா கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி சாதாரண எழுத்தில் வையுங்கள். இரண்டு ஃபான்ட் போதும். மூன்றாவதைச் சேர்த்தால் பத்திரிகை சந்தைக்கடை ஆகிவிடும்.

ஆங்கில டிசைன் வீடியோ பார்த்துப் பழகியவர்கள் செய்கிற ஒரு தவறு, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியை இழுத்துவிடுவது. ஆங்கிலத்தில் அது ஸ்டைல். தமிழில் கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் போய், 'கொலு' என்பது எந்தச் சொல் என்றே புரியாது. வரிக்கு வரி இடைவெளியைத்தான் கூட்ட வேண்டும். ஏனென்றால் கூ, சூ போன்றவற்றின் வால் கீழே இறங்கும், கீ, ரீ-யின் கொக்கி மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொண்டால் அழகு போய்விடும்.

பெயின்டர் அண்ணனின் எழுத்து யாருக்குச் சொந்தம்?

இவ்வளவு ஃபான்ட் வருவதற்கு முன்னால் இந்த வேலையையெல்லாம் மனிதர்கள்தான் செய்தார்கள். பத்திரிகைகளில் தொடர்கதைத் தலைப்பை ஓவியர்களே கையால் எழுதினார்கள். ஓவியர் கே.எம்.ஆதிமூலம் புத்தக அட்டைகளுக்கும் இதழ்களுக்கும் எழுதித் தந்த தலைப்பெழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு, தமிழ் எழுத்து இவ்வளவு நவீனமாக நிற்க முடியுமா என்று தோன்றும். 2008-ல் அவர் மறைந்தார். அவர் பாணியை இன்றைக்கும் அட்டை வடிவமைப்பாளர்கள் விடவில்லை.

ஊர்ப்புறங்களில் அந்த இடத்தை பெயின்டர்கள் வைத்திருந்தார்கள். ஒரே அண்ணன் டீக்கடை போர்டும் எழுதுவார், லாரி பின்பக்கமும் எழுதுவார், தேர்தல் வந்தால் சுவரும் எழுதுவார். வானூர் சட்டமன்றத் தொகுதி, பக்கத்தில் திண்டிவனம், மயிலம் என எங்கே தேர்தல் வந்தாலும் சுண்ணாம்பு அடித்த சுவருக்கு அவர்தான் வேண்டும். பிளெக்ஸ் வந்ததும் பாதி வேலை போயிற்று. சுவர் எழுத்து மட்டும் மிச்சம்.

இந்தத் தெருவோர எழுத்துகளை அழியவிடக் கூடாது என்று தில்லியைச் சேர்ந்த ஹனீஃப் குரேஷி ஒரு முயற்சி செய்தார். இந்திய பெயின்டர்களின் எழுத்தை அவர்களிடமே எழுதி வாங்கி, ஃபான்ட்டாக மாற்றி, அவர்கள் பெயரிலேயே வெளியிட்டார். விற்ற பணத்தில் பெயின்டருக்கும் பங்கு. 2024-ல் குரேஷி காலமானார். அவர் போட்ட அந்த விதி முக்கியமானது. சுவரில் இருப்பதை போட்டோ எடுத்து, கோடு போட்டு, 'நாட்டு ஸ்டைல் ஃபான்ட்' என்று விற்பது சுலபம். எழுதிய கை யாருடையது என்று கேட்டுப் பெயர் போடுவதற்கும் காசு கொடுப்பதற்கும்தான் மனசு வேண்டும். தமிழில் சுவர் எழுத்து பாணியில் யாராவது எழுத்துரு செய்யக் கிளம்பினால், முதலில் போக வேண்டியது பக்கத்து ஊர் பெயின்டர் வீட்டுக்கு.

பாட்டியின் கையெழுத்தை ஃபான்ட் ஆக்க முடியுமா?

முடியும். கொஞ்சம் பொறுமை வேண்டும். கட்டம் போட்ட தாளில் மேலே சொன்ன 120 எழுத்தையும் துணைக்குறிகளையும் கறுப்பு ஜெல் பேனாவில் எழுதி வாங்குங்கள். ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றையும் கோட்டுருவமாக மாற்றி, 'ஃபான்ட்ஃபோர்ஜ்' போன்ற இலவச மென்பொருளில் அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். உகர வரிசைக்கு விதி எழுதும் பகுதிதான் தலைவலி. அதற்கு, திறந்த உரிமத் தமிழ் ஃபான்ட் ஒன்றைத் திறந்து, அதில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துப் பழகலாம். நிஜக் கையெழுத்தில் ஒரு 'க' போல இன்னொரு 'க' இருக்காது. ஃபான்ட்டில் எல்லா 'க'வும் அச்சாக ஒரே மாதிரி இருக்கும். அது உறுத்தினால், அடிக்கடி வரும் எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவம் வரைந்து மாறி மாறி வரும்படி செய்யவும் ஓப்பன்டைப்பில் வசதி உண்டு.

எழுதித் தரச் சொன்னால் பாட்டி இரண்டு இடத்தில் மடக்குவார். முதலாவது, 'ஙூ' கட்டம். 'இது எந்த வார்த்தையிலடா வரும்?' என்று கேட்பார். எதிலும் வராது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டாவது, 'லை'. 1978 அக்டோபரில் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை, லை, ளை, ணை, னை நான்குக்கும் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொம்பு மேலே வளைந்து நிற்கும். ணா, றா, னா மூன்றுக்கும், அவற்றின் ஒகர ஓகாரங்களுக்கும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள் அன்று மாறின. அதற்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர்கள் பலரும் கையால் எழுதும்போது இன்றும் பழையபடிதான் எழுதுகிறார்கள்.

'அது பழசு, புதுசா எழுதுங்க பாட்டி' என்று திருத்த வேண்டாம். யூனிகோடில் பழைய 'லை'க்குத் தனிக் குறியீடு கிடையாது, தேவையும் இல்லை. 'ல'வும் இணைக்கொம்பும் சேர்ந்தால் இந்தப் படத்தைக் காட்டு என்று விதி எழுதி, அவர் எழுதிய தும்பிக்கை 'லை'யையே வைத்துவிடலாம். பேரன் போனில் 'வேலை முடிஞ்சுது' என்று டைப் செய்தால், திரையில் பாட்டி எழுதின மாதிரியே வரும்.